சிவப்பு விளக்கு எரியும் வரை காத்திருக்கலாமா? காரின் என்ஜின் ஆயிலைப் பாதுகாப்பாகப் பார்ப்பது எப்படி?

சுபாங் ஜெயாவில் குடியிருந்து கோலாலம்பூர் நகர மையத்தில் வேலை பார்ப்பவரின் கார், போக 20, வர 20 என நாளொன்றுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் ஓடுகிறது. மாதம் 25 நாள் என்று கணக்கிட்டால் 1,000 கிலோமீட்டர். இதற்கிடையில் தீபாவளிக்கு ஈப்போ, தைப்பூசத்துக்குப் பினாங்கு என்று நீண்ட பயணங்களும் உண்டு.

இந்த ஓட்டம் முழுவதும் என்ஜினைக் காப்பது வெறும் மூன்று, நான்கு லிட்டர் ஆயில்தான். பெரும்பாலான சிறிய கார்களுக்குக் கொள்ளளவே அவ்வளவுதான். "இப்போ அது எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால் பலரிடமிருந்து வரும் பதில்: "அடுத்த சர்வீஸ் இன்னும் வரலையே!"

மலேசியாவில் கார் லைசன்ஸ் எடுத்த எல்லாரும் இதை ஒருமுறை படித்தவர்கள்தான். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. நடத்தும் தேர்வில் 'ஆர்.பி.கே.' என்ற வாகனப் பரிசோதனைப் பகுதி இருக்கிறது. போனட்டைத் திறந்து, "இது மின்யாக் என்ஜின், இது பேட்டரி, இது ரேடியேட்டர்" என்று தேர்வதிகாரியிடம் ஒப்பித்தது நினைவிருக்கும். 'பி' ஸ்டிக்கரை ஒட்டியதும் அந்தப் பாடம் பெரும்பாலும் மறந்துபோகிறது.

என்ஜின் ஆயில் எதற்கு, எப்போது, எப்படிப் பார்க்க வேண்டும், குறைந்திருந்தால் என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் ஒரு சொல் குழப்பம்

நம் ஊரில் "எண்ணெய் ஊத்தணும்" என்றால் பெரும்பாலும் பெட்ரோலைத்தான் சொல்கிறோம். என்ஜின் ஆயிலைப் பட்டறைகளில் 'மின்யாக் ஹித்தாம்', அதாவது கறுப்பு எண்ணெய் என்பார்கள். பெட்ரோல் எரிந்து தீர்ந்துபோகும். ஆயில் என்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். இந்தக் கட்டுரையில் ஆயில் என்று சொல்வதெல்லாம் அந்த மின்யாக் ஹித்தாமைத்தான்.

ஆயில் என்ஜினுக்குள் என்ன செய்கிறது?

என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது அதன் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் நொடிக்கு 50 முறை சுழல்கிறது. இரும்போடு இரும்பு நேரடியாக உரசினால் அந்த வேகத்தில் சில நிமிடங்கள்கூடத் தாங்காது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது முடியைவிட மெல்லிய ஓர் ஆயில் படலம். இதன் பலத்தை முதலில் கண்டறிந்தது ரயில் பெட்டிகளின் அச்சு பேரிங்குகளை ஆராய்ந்த ஒரு பொறியாளர். 1883இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பீச்சம் டவர், சோதனையில் இருந்த பேரிங்கின் மேற்புறத்தில் ஆயில் விட ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றபோது அந்தத் துளை வழியே ஆயில் மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார். கார்க் வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டை வைத்து அடைத்தார். அதுவும் வெளியே வந்தது.

சுழலும் அச்சு தன்னோடு ஆயிலை இழுத்துச் சென்று, பாரத்தையே தூக்கிப்பிடிக்கும் அளவுக்கு அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதினார். இன்று நீங்கள் ஓட்டும் மைவியோ சாகாவோ, அதன் பேரிங்குகளும் இதே அடிப்படையில்தான் இயங்குகின்றன.

உராய்வைக் குறைப்பதோடு ஆயிலின் வேலை முடிவதில்லை. பிஸ்டன் பகுதியின் வெப்பத்தை அது கீழே கொண்டுவருகிறது. கரியையும் தூசியையும் தன்னுள் சுமந்து வந்து ஃபில்டரில் விடுகிறது. துருப்பிடிக்காமல் காக்கிறது. அளவு குறைந்தால், இத்தனை வேலையையும் மிச்சமிருக்கும் கொஞ்ச ஆயிலே செய்ய வேண்டும். அதனால் அது அதிகம் சூடாகி, சீக்கிரம் கெட்டுப்போகிறது.

"சர்வீஸ் தேதி வரலையே, அப்புறம் ஏன் பார்க்கணும்?"

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் ஸ்டிக்கர், ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதுவரை ஆயில் குறையாது என்று அது உறுதி தருவதில்லை.

நல்ல நிலையில் இருக்கும் என்ஜினும் கொஞ்சம் ஆயிலை எரிக்கும். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் செல்லும் சிறு அளவு, எரிபொருளோடு சேர்ந்து எரிந்துவிடுகிறது. 1,000 கிலோமீட்டருக்கு அதிகபட்சம் 1 லிட்டர் வரை குறையலாம் என்றுகூடச் சில கார்களின் கையேட்டில் இருக்கிறது. பெரும்பாலான கார்கள் அந்த அளவுக்குக் குடிப்பதில்லை. வயதான காரில் இது கூடிக்கொண்டே போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் இருப்பது பத்து வருடப் பழைய கார். அது 1,000 கிலோமீட்டருக்கு 300 மில்லிலிட்டர் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சர்வீஸ் 10,000 கிலோமீட்டரில். அதற்குள் எரிந்துபோகும் அளவு 3 லிட்டர். மொத்தக் கொள்ளளவு மூன்றரை லிட்டர் என்றால், ஸ்டிக்கரில் உள்ள தேதிக்கு வெகுமுன்பே என்ஜின் கெட்டுவிடும். அந்தக் காரின் உரிமையாளர் ஒரு சர்வீஸைக்கூடத் தவறவிட்டிருக்க மாட்டார்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் போக்குவரத்தும் ஒரு காரணம். கூட்டரசு நெடுஞ்சாலையிலும் எல்.டி.பி.யிலும் மாலை நெரிசலில் நிற்கும்போது கிலோமீட்டர் ஏறுவதில்லை, ஆனால் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டிலிருந்து எஸ்.எஸ்.15 வரை போய்த் திரும்புவது போன்ற குட்டிப் பயணங்களில் ஆயில் முழுச் சூட்டை அடைவதே இல்லை. அதனால் உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. இப்படிப்பட்ட ஓட்டத்தைத்தான் கார் கையேடுகள் 'கடுமையான பயன்பாடு' என்று வகைப்படுத்தி, ஆயிலைச் சீக்கிரமே மாற்றச் சொல்கின்றன.

எனவே மாதம் ஒருமுறையும், நீண்ட பயணத்துக்கு முந்தைய நாளும் ஆயில் அளவைப் பார்ப்பது நல்ல பழக்கம். பழைய கார் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அதிலும் பெட்ரோல் என்ஜின் இருக்கிறது, ஆயிலும் இருக்கிறது. முழு மின்சாரக் காருக்கு மட்டும் என்ஜின் ஆயில் கிடையாது.

பார்ப்பதற்கு முன்: பாதுகாப்பு

ஐந்து நிமிட வேலைதான். ஆனாலும் சூடான என்ஜினுக்குப் பக்கத்தில் கை வைக்கிறீர்கள். இவற்றைக் கவனியுங்கள்:

• காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். நம் தாமான்களில் வரிசை வீட்டு போர்ச் பெரும்பாலும் தண்ணீர் வடிவதற்காகச் சாலைப் பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே பார்த்தால் அளவு தவறாகக் காட்டும். கடைத்தெரு வாகன நிறுத்துமிடமோ எண்ணெய் நிலையத்தின் ஓரமோ பரவாயில்லை.

• கியரை 'பி'யில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, என்ஜினை அணைத்துவிடுங்கள். புஷ் ஸ்டார்ட் கார் என்றால் முழுவதுமாக அணைந்ததா என்று பாருங்கள்.

• துப்பட்டா, நீளமான முடி, கையில் கட்டிய கயிறு, வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். என்ஜினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி திடீரென்று சுற்றத் தொடங்கலாம். உலோக நகை பேட்டரி முனைகளில் பட்டால் தீப்பொறி கிளம்பும்.

• ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் பீச்சியடிக்கும். ஆயில் பார்ப்பதற்கு அந்த மூடியோடு எந்த வேலையும் இல்லை.

• அடித்தளக் கார் நிறுத்துமிடம் போன்ற மூடிய இடத்தில் என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

• பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்க வேண்டாம்.

படிப்படியாக: ஆயில் குச்சியைப் படிப்பது எப்படி?

1. என்ஜின் சூடானதும் அணைத்துவிட்டு, 5 முதல் 10 நிமிடம் காத்திருங்கள். மேலே ஏறியிருக்கும் ஆயில் கீழே உள்ள தொட்டிக்கு வடிந்து வர இந்த நேரம் தேவை. சில கார்களில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். உங்கள் கார் எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும். எந்த முறையானாலும், ஒவ்வொரு முறையும் அதே முறையில் பாருங்கள். அப்போதுதான் சென்ற மாதத்தோடு ஒப்பிட முடியும்.

2. போனட்டைத் திறந்து, தாங்கு கம்பி குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். காற்றில் போனட் தலையில் விழுந்து அடிபடுவது உண்டு.

3. ஆயில் குச்சியைத் தேடுங்கள். டிப்ஸ்டிக் என்பார்கள். கைப்பிடி பெரும்பாலும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற வளையமாக இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள சில பழைய கார்களில் கியர் ஆயிலுக்கும் தனிக் குச்சி உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

4. குச்சியை வெளியே இழுத்து, நூல் பிரியாத சுத்தமான துணியால் துடையுங்கள். டிஷ்யூ பேப்பர் கிழிந்து ஒட்டிக்கொள்ளும். முதல் இழுப்பில் தெரியும் அளவு சரியானதல்ல. ஓட்டத்தில் தெறித்த ஆயில் குச்சி முழுக்கப் படிந்திருக்கும்.

5. மறுபடி கடைசி வரை உள்ளே செருகுங்கள். ஓரிரு நொடி கழித்து வெளியே எடுங்கள்.

6. குச்சியின் நுனி கீழ்நோக்கி இருக்கட்டும். மேலே தூக்கிப் பிடித்தால் ஆயில் கைப்பிடிப் பக்கம் வழிந்து, அதிகமாக இருப்பது போலக் காட்டும். இரண்டு பக்கமும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் குறைவாகக் காட்டும் பக்கத்தையே கணக்கில் எடுங்கள்.

7. குச்சியை மறுபடி இறுக்கமாகச் செருகிவிட்டு, துணியை எடுத்துவிட்டோமா என்று பார்த்தபின் போனட்டை மூடுங்கள். என்ஜின் மேல் மறந்துவிட்ட துணி தீப்பிடிக்கும்.

சில புதிய ஐரோப்பியக் கார்களில் குச்சியே கிடையாது. டாஷ்போர்டு திரையில்தான் அளவு தெரியும். அதற்கும் கார் சமதளத்தில் நிற்க வேண்டும்.

குச்சி என்ன சொல்கிறது?

குச்சியின் நுனியில் இரண்டு கோடுகள், புள்ளிகள் அல்லது துளைகள் இருக்கும். கீழே இருப்பது குறைந்தபட்ச அளவு. மேலே இருப்பது அதிகபட்ச அளவு. ஆயில் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. பாதிக்கு மேல் இருந்தால் நிம்மதியாகப் பயணம் போகலாம். கீழ்க்கோட்டை நெருங்கிவிட்டால் ஊற்ற வேண்டும். குச்சியில் ஆயிலே படவில்லை என்றால் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

அளவோடு ஆயிலின் தன்மையையும் கவனியுங்கள்.

கறுப்பாக இருந்தால்: அதை வைத்து மட்டும் கெட்டுப்போனதாக முடிவு செய்ய முடியாது. ஆயிலில் கலந்திருக்கும் சுத்திகரிப்பு ரசாயனங்கள் கரியைப் பிடித்து வைத்திருப்பதால் நிறம் மாறுகிறது. மாற்றும் நேரத்தைக் கிலோமீட்டரையும் மாதத்தையும் வைத்தே தீர்மானியுங்கள்.

பால் கலந்த காப்பி போல இருந்தால்: ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கலாம். ஓட்டாமல் பட்டறைக்குத் தகவல் சொல்லுங்கள். குட்டிப் பயணம் மட்டுமே போகும் காரில் ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை தெரிந்தால், அது பெரும்பாலும் ஈரப்பதம்தான்.

பெட்ரோல் வாடை பலமாக அடித்து, அளவும் கூடியிருந்தால்: எரியாத பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்திருக்கலாம். "ஆயில் குறையவே இல்லை, கூடியிருக்கு!" என்று சந்தோஷப்பட வேண்டாம்.

மினுமினுக்கும் உலோகத் துகள் தெரிந்தால்: உள்ளே ஏதோ தேய்கிறது. தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

குறைந்திருந்தால் எவ்வளவு ஊற்றுவது?

பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 1 லிட்டர். சில சிறிய என்ஜின்களில் அதைவிடக் குறைவு. ஆயில் கீழ்க்கோட்டில் இருக்கிறது என்பதற்காக 4 லிட்டர் டப்பாவை வாங்கி முழுவதையும் கொட்டிவிடக் கூடாது.

ஆயில் மூடியைத் திறந்து, புனல் வைத்து, 200 அல்லது 300 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். சில நிமிடம் காத்திருந்து குச்சியைப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்திவிடுங்கள். வெளியே சிந்தினால் துடைத்துவிடுங்கள். சூடான புகைக்குழாய்மேல் விழுந்த ஆயில் புகையும், சில நேரம் தீயும் பற்றும். கடைசியாக மூடியைத் திருகி மூடினீர்களா என்று ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பாருங்கள்.

ஊற்றிய அளவையும் அன்றைய கிலோமீட்டரையும் கைப்பேசியில் குறித்து வையுங்கள். மூன்று மாதக் குறிப்பு இருந்தால் உங்கள் கார் எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்பது தெரிந்துவிடும். திடீரென்று கூடினால், கார் நின்ற இடத்தில் கறை இருக்கிறதா, பின்னால் நீலப் புகை வருகிறதா என்று கவனியுங்கள். கறை என்றால் கசிவு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இந்த விவரத்தோடு போனால் மெக்கானிக்குக்கும் வேலை எளிது, உங்களுக்கும் தேவையில்லாத செலவு மிச்சம்.

"கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே?"

நல்லதல்ல. அளவு மீறினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து, தயிர் கடைவது போல நுரையைக் கிளப்பும். நுரையில் காற்றுக் குமிழ்கள் இருப்பதால் அது பாரம் தாங்காது. அதாவது ஆயில் அதிகமானாலும், ஆயில் இல்லாத என்ஜினுக்கு நேரும் கதிதான். இது தவிர, ரப்பர் சீல்களில் கசிவு ஏற்படலாம். எரிந்த ஆயில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கலாம்.

கோட்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் மேலே இருந்தால் பதற வேண்டாம். தெளிவாகத் தாண்டியிருந்தால், அதிக தூரம் ஓட்டாமல் பட்டறையில் கொஞ்சம் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.

எந்த ஆயில்? 5டபிள்யூ-30 என்றால் என்ன?

டப்பாவில் உள்ள எண்கள் ஆயிலின் பாகுத்தன்மையைச் சொல்கின்றன. 'டபிள்யூ' என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் சுலபமாக ஓடும். பின்னால் உள்ள எண், என்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டும். இந்த எண்கள் டிகிரி அல்ல, தர வகைகள் மட்டுமே.

"நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் சரி" என்று சிலர் சொல்வார்கள். வெளியே 24 டிகிரியானாலும் 34 டிகிரியானாலும், ஓடும் என்ஜினுக்குள் ஆயில் சுமார் 100 டிகிரி சூட்டில்தான் இருக்கிறது. புதிய என்ஜின்களின் இடைவெளிகள் மெல்லிய ஆயிலுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. கையேட்டில் 0டபிள்யூ-20 என்று இருந்தால், அதை விட்டுவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றுவதால் லாபமில்லை. தயாரிப்பாளர் சொன்ன எண்ணையும் ஏ.பி.ஐ. தரத்தையும் பின்பற்றுங்கள். ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற தரம் 2020இல் வந்தது. பழைய தரத்தைக் கேட்கும் பெட்ரோல் காருக்குப் புதிய தர ஆயிலைப் பயன்படுத்தலாம். பாகுத்தன்மை எண் மட்டும் பொருந்த வேண்டும்.

அவசரத்துக்கு வேறு பிராண்ட் கலக்கலாமா? கலக்கலாம். எண்ணும் தரமும் ஒத்திருந்தால் பிரச்சினை இல்லை. ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிட வேறு பிராண்டைக் கலப்பது எவ்வளவோ மேல். டீசல் காருக்கும் பெட்ரோல் காருக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள்.

போலி ஆயில் ஜாக்கிரதை

மலேசியாவில் பிரபல பிராண்டுகளின் பெயரில் போலி ஆயில் அடைத்து விற்ற கூடங்களில் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சான கே.பி.டி.என். பலமுறை சோதனை நடத்தியிருக்கிறது. இணையத்தில் பாதி விலைக்கு வரும் டப்பாவைக் கண்டால் யோசியுங்கள். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, டப்பாவில் தயாரிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டறையில் ஆயில் மாற்றும்போது டப்பாவை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் கே.பி.டி.என்.னில் புகார் செய்யலாம். நஷ்டஈடு கோர மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். ரசீது இல்லாவிட்டால் வாதிடுவது கடினம்.

சிவப்பு விளக்கு எரிந்தால்?

இதுதான் இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான பகுதி. டாஷ்போர்டில் சிவப்பாக எரியும் ஆயில் குவளை விளக்கு, ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை. ஆயிலின் அழுத்தம் போய்விட்டது என்று சொல்கிறது. அளவு குறைந்ததால் அது எரிகிறது என்றால், ஆயில் பம்ப் ஏற்கெனவே காற்றை உறிஞ்சத் தொடங்கிவிட்டது என்று பொருள். "வீடு பக்கத்திலதான், போயிடலாம்" என்று ஓட்டும் அந்த ஐந்து நிமிடத்தில் என்ஜின் இறுகிவிடலாம். சில பத்து ரிங்கிட் ஆயிலில் முடிய வேண்டியது பல ஆயிரம் ரிங்கிட் செலவாகிவிடும்.

பணம் மட்டுமல்ல, உயிரும் இதில் இருக்கிறது. வேகமாக ஓடும்போது என்ஜின் நின்றால் பிரேக்குக்கான உதவி விசை போய்விடும். மிதி கல் போல இறுகும். பல கார்களில் ஸ்டீரிங்கும் கனத்துவிடும். பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்.

சில கார்களில் மஞ்சள் ஆயில் விளக்கு தனியாக இருக்கும். அது அளவு குறைந்ததற்கான எச்சரிக்கை. அடுத்த எண்ணெய் நிலையத்தில் நிறுத்திப் பார்க்கலாம். திருப்பத்திலோ பிரேக் பிடிக்கும்போதோ சிவப்பு விளக்கு மின்னி மறைந்தாலும் அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்புக்கு எட்டவில்லை என்பதன் அறிகுறி அது.

நெடுஞ்சாலையில் எரிந்தால்:

• பதறாமல், அபாய விளக்குகளைப் போட்டு இடது ஓரத்துக்கு வாருங்கள். முடிந்தால் அவசரத் தடத்தைவிட டோல் சாவடியோ ஓய்விடமோ மேல், ஆனால் அது கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும்.

• நின்றதும் என்ஜினை அணையுங்கள்.

• எல்லாரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நில்லுங்கள். ஓட்டுநரும் இடது பக்கமாகவே இறங்க வேண்டும். காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

• அவசரத் தடத்தில் நின்று போனட்டைத் திறந்து ஆயில் பார்க்காதீர்கள். அது வீட்டில் செய்யும் வேலை.

• என்.கே.வி.இ., எலைட் போன்ற பிளஸ் நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1800-88-0000 என்ற எண்ணை அழைக்கலாம். தீ, காயம் என்றால் 999.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு

கப்சாய் ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றின் என்ஜினில் இருப்பது சுமார் 1 லிட்டர் ஆயில், சிலவற்றில் அதற்கும் குறைவு. அதில் 200 மில்லிலிட்டர் குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். உணவு டெலிவரி ஓட்டுபவர்களின் வண்டி ஒரே நாளில் நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, 2 அல்லது 3 நிமிடம் பொறுங்கள். வண்டி நேராக நிற்க வேண்டும். பக்கக் காலில் சாய்த்து வைத்தால் அளவு தவறும். பல கப்சாய்களில் குச்சியைத் திருகாமல், சும்மா உள்ளே வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். கியர் வண்டிகளில் கிளட்சும் இதே ஆயிலில்தான் நனைகிறது. எனவே கார் ஆயிலை ஊற்றாமல், 'ஜாசோ எம்.ஏ.' குறியுள்ள மோட்டார் சைக்கிள் ஆயிலை வாங்குங்கள்.

பழைய ஆயிலை எங்கே கொட்டுவது?

வீட்டிலேயே ஆயில் மாற்றும் இளைஞர்கள் இப்போது அதிகம். காணொளி பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வடித்த ஆயிலை வீட்டு முன்னால் உள்ள கால்வாயில் கொட்டக் கூடாது. சுபாங் ஜெயாவின் மழைக் கால்வாய்கள் கடைசியில் கிள்ளான் ஆற்றில்தான் போய்ச் சேருகின்றன. ஒரு காரின் ஒரு தடவை மாற்றிய ஆயில், பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

தண்ணீர் கெட்டால் என்ன நடக்கும் என்பதை நாம் அனுபவித்திருக்கிறோம். 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த கழிவின் வாடை சிலாங்கூர் ஆற்றை எட்டியது. நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் கணக்குதாரர்களுக்குத் தண்ணீர் நின்றது. பெட்டாலிங் மாவட்டமும் அதில் அடக்கம். கனரக இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒரு தொழிற்சாலை மீது விசாரணை திரும்பியது. நாம் வாளியும் கையுமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நாள்கள் அவை.

மலேசியாவில் பயன்படுத்திய மசகு எண்ணெய், 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்கீழ் எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீட்டில் வருகிறது. பட்டறைகள் அதை உரிமம் பெற்ற நிறுவனங்களிடம் ஒப்படைக்க வேண்டும். நீங்கள் வீட்டில் மாற்றினால், வடித்த ஆயிலை மூடியுள்ள டப்பாவில் அடைத்து, ஃபில்டரோடு சேர்த்துப் பக்கத்துப் பட்டறையில் கொடுங்கள். பழைய ஆயில் சேகரிப்பவர்களுக்கு விற்கலாம் என்பதால் பல பட்டறைகள் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். தண்ணீர், பெட்ரோல், பிரேக் ஆயில் எதையும் அதில் கலக்காதீர்கள். பழைய ஆயில் நீண்ட நாள் தோலில் படுவதும் நல்லதல்ல. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பெட்ரோலால் கழுவ வேண்டாம்.

சுருக்கமாக

• மாதம் ஒருமுறை, சமதளத்தில், என்ஜினை அணைத்துப் பாருங்கள்.
• துடைத்து, செருகி, எடுத்து, இரண்டு பக்கமும் படியுங்கள்.
• கீழ்க்கோட்டை நெருங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்டாதீர்கள்.
• ஊற்றியதையும் கிலோமீட்டரையும் குறித்து வையுங்கள்.
• சிவப்பு விளக்கு எரிந்தால் பாதுகாப்பாக ஓரங்கட்டி, என்ஜினை உடனே அணையுங்கள்.
• பழைய ஆயில் பட்டறைக்கு, கால்வாய்க்கு அல்ல.

வீட்டில் அப்பா, அண்ணன் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். சாவி யார் கையில் இருக்கிறதோ, குச்சியும் அவர் கையில்தான் இருக்க வேண்டும். இந்த வார இறுதியில் கார் கழுவும்போது போனட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பக்கத்தில் அம்மாவின் காரோ தங்கையின் வண்டியோ நின்றால், அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.